பழைய கேம்பர் வேனில் முதல் பயணம்: மாசி மாதத்தில் டெல்டாவில் மூன்று இரவுகள் தங்கலாமா?

கேட்பவர்: வடவாற்றங்கரை (தஞ்சாவூர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற கார்த்திகையில் நாங்கள் ஒரு பழைய டெம்போ டிராவலர் வாங்கினோம். 2009-இல் பதிவான வண்டி. முன்பு வைத்திருந்தவர் அதைக் கேம்பர் வேனாக மாற்றி, ஆர்.சி. புத்தகத்திலும் அவ்வாறே பதிவு செய்து, 15 ஆண்டுகள் முடிந்ததும் பதிவை மேலும் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்து வைத்திருந்தார். ஆகவே காகிதங்களைப் பற்றிய கவலை எனக்கில்லை; வண்டியைப் பற்றித்தான் கவலை. கடைசி இரண்டு ஆண்டுகளில் அது பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தவரையில் குறையொன்றும் தெரியவில்லை. உள்ளே ஒரு நிலையான கட்டில், மடக்கி விரிக்கும் இருக்கை, 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, ஒரு சிறிய அடுப்பு மேடை ஆகியவை இருக்கின்றன. கழிப்பறை கிடையாது.

மாசி மாதத்தில் ஒரு வார இறுதியை ஒட்டி மூன்று இரவுகள் வெளியே தங்க நினைக்கிறோம். நான், மனைவி, 9 வயது மகள், முழங்கால் வலியுள்ள என் தாயார் என நான்கு பேர். மலைப்பக்கம் போகும் துணிவு இப்போதைக்கு இல்லாததால், நன்கு தெரிந்த நம் டெல்டாவிலேயே சுற்றலாம் என்று முடிவு செய்தோம். சனிக்கிழமை காலையில் புறப்பட்டு, முதல் இரவு கல்லணைக்குக் கீழே ஆற்று மணலிலோ கரையோரத்திலோ தங்குவது, மறுநாள் திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார், மூன்றாம் இரவு நாகப்பட்டினம், வேதாரண்யம் கடந்து கோடியக்கரை, அங்கிருந்து வீடு. இதுவே என் மனத்தில் உள்ள திட்டம்.

நான் இதுவரை கூடாரத்திலோ வண்டியிலோ ஓர் இரவுகூடத் தங்கியவன் அல்லன். வண்டியில் எவற்றைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், இரவில் எங்கே நிறுத்தினால் யாருக்கும் தொந்தரவு இராது, நான்கு பேர் உறங்குவதற்கு மின்விசிறியும் விளக்கும் ஓர் இரவு முழுவதும் தாங்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய பட்டறை (கும்பகோணம்)

வணக்கம் ஐயா. மெட்டடார் காலத்திலிருந்து இந்த இன வண்டிகளிலேயே கை கறுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் வாங்கியிருப்பது நல்ல தேர்வு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களில் இதன் பாகங்கள் கிடைக்காத கடையில்லை. இதைத் திறந்து பார்க்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. ஆனால் ஓடிக்கொண்டே இருந்த பழைய வண்டியைவிட, நின்றுகொண்டே இருந்த பழைய வண்டிதான் எனக்கு அச்சம் தரும்.

முதலில் டயர். பட்டன் (டயரின் மேல்பக்க வரிப்பள்ளம்) தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2317 என்றிருந்தால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஆறு ஆண்டுகளைத் தாண்டிய டயரில், அதுவும் வெயிலில் ஒரே இடத்தில் நின்றதில், குடும்பத்தை ஏற்றிச் செல்ல நான் சம்மதிக்க மாட்டேன். ஸ்டெப்னிக்கும் இதே விதிதான். பலரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. பழைய ஆயில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். எனவே ஆயிலை முழுவதுமாக மாற்றி, நான்கு சக்கரங்களின் பிரேக்கிலும் கசிவு உள்ளதா என்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கை பிரேக்கை நம்பி ஆற்றுக்கரைச் சரிவில் நிறுத்தாதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள்.

டீசல் டேங்கின் அடியில் இரண்டு ஆண்டுகளாகப் படிந்த தண்ணீரும் கசடும் ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. குண்டும் குழியுமான சாலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் குலுங்கிய பிறகே அவை கலங்கி ஃபில்டரை அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவிவிட்டு, புதிய டீசல் ஃபில்டர் ஒன்றை மாட்டி, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் மாற்றினால் கை பம்பை அழுத்தி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற (ஏர் எடுக்க) வேண்டும். அதைப் பட்டறையில் நின்று ஒருமுறை நீங்களே செய்து பழகிக்கொள்வது நல்லது. ரேடியேட்டர் ஹோஸ்களும் ஃபேன் பெல்ட்டும் விலை குறைந்தவை. கேள்வி கேட்காமல் மாற்றிவிட்டு, பழைய பெல்ட்டை மட்டும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

மாசி மாதத்தில் இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. அறுவடை இயந்திரத்துக்கும் டிராக்டருக்கும் பின்னால் ஊர்ந்து போகும்போது, பறக்கும் பதரும் தூசியும் ரேடியேட்டரின் கண்களில் அப்பிக்கொள்ளும். சூடு வழக்கத்துக்கு மேல் ஏறினால் உடனே தண்ணீர்க் குறைவு என்று எண்ணி மூடியைத் திறந்துவிடாதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். என்ஜின் ஆறிய பிறகு, உட்புறத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் பீய்ச்சினால் பதர் உதிர்ந்துவிடும்.

எடையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டியது அதைத்தான். 60 லிட்டர் தொட்டி நிரம்பினால் 60 கிலோ. கட்டில், பலகை வேலைப்பாடு, கூடுதல் பேட்டரி, சிலிண்டர், நான்கு பேர், பாத்திரம், படுக்கை எல்லாம் சேர்ந்தால் பின் அச்சு எவ்வளவு சுமக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. பயணத்துக்குப் புறப்படுவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, நெல் லாரிகள் எடைபோடும் எடைமேடை ஒன்றில் நிறுத்திச் சீட்டு வாங்குங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதற்கேற்பப் பின் டயர்களுக்குக் காற்று பிடியுங்கள். மேற்கூரையில் எதையும் ஏற்ற வேண்டாம். வண்டியின் உயரத்தை நாடாவால் அளந்து ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே எழுதி ஒட்டிவிடுங்கள்; ரயில்வே கீழ்ப்பாலத்தின் முன்னால் நின்று கணக்குப் போடும் நிலை வரக்கூடாது.

கண்ணாடிகளைச் சுற்றியுள்ள பீடிங் ரப்பரைச் சோதிக்க, உள்ளே ஒருவர் டார்ச்சுடன் அமர்ந்திருக்க, வெளியிலிருந்து ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்தாலே போதும். கசிவு கட்டிலுக்கு நேர் மேலே இருந்தால்தான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும்.

இவை முடிந்ததும், முழுச் சுமையோடு ஒரு பகல் வடுவூர் வழியாக மன்னார்குடி வரை போய்த் திரும்புங்கள். ஏரிக்கரையில் பறவைகளைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று. வீட்டுக்கு வந்ததும் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து, காலையில் எந்த இடத்தில் என்ன சொட்டியிருக்கிறது என்று பார்த்த மாதிரியும் ஆயிற்று. கடைசியாக ஒன்று: சனிக்கிழமை கிளம்பாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறையும் உதிரிபாகக் கடையும் மூடியிருக்கும். வியாழன் அல்லது வெள்ளியில் புறப்பட்டால், கோளாறு முதல் நாளிலேயே தலைகாட்டினாலும் கடை திறந்திருக்கும்.

பதில்: வெண்ணாற்றுப் பாசனம் (நீடாமங்கலம்)

ஐயா, நான் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள். வண்டியைப் பற்றி மேலே எழுதியவர் சொல்லிவிட்டார். நான் நிலத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் எனக்குச் சரியாகப் படாதது முதல் இரவுதான்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்பட்டு ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. ஆகவே மாசியில் எங்கள் ஆறுகள் வறண்டு, வெள்ளை மணல் விரித்த அகலமான சாலைகளைப் போலக் கிடக்கும். அந்தத் தோற்றத்தை நம்பி இறங்கினால், பின் சக்கரம் சுழன்று அச்சு வரை புதைந்துவிடும். டிராக்டர் வைத்து இழுப்பதைத் தவிர வேறு வழி இராது. இரண்டாவதாக, மணல் திருட்டுக்குப் பெயர்போன பகுதிகளில் இரவு நேரத்தில் ஆற்றுக்குள் ஒரு வேன் நின்றால், ஊராரும் காவல்துறையினரும் என்ன நினைப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி இரவில் கண்ணாடியைத் தட்டி விசாரித்தால் குழந்தையும் பெரியவரும் பயந்துபோவார்கள். கல்லணையைப் பகலில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொள்ளிடப் பக்கம், குறிப்பாக அணைக்கரையை ஒட்டித் தேங்கி நிற்கும் தண்ணீரில், முதலைகள் உண்டு. யாரும் இறங்கிக் குளிக்க வேண்டாம்.

அறுத்த வயல் காலியாகத்தானே கிடக்கிறது, ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் நெற்பயிருக்கு நடுவே உளுந்தோ பயறோ தெளித்திருப்போம். அறுவடை முடிந்து பார்த்தால் தாளடியாகத் தெரியும். குனிந்து பார்த்தால்தான் உளுந்துச் செடி தெரியும். அதன்மேல் சக்கரம் ஏறினால் அது எங்கள் கோடை வருமானத்தின்மேல் ஏறியது போலத்தான். தவிர, மேல்மண் காய்ந்து வெடித்திருந்தாலும் ஒரு சாண் கீழே களிமண் ஈரமாகவே இருக்கும். உங்கள் வண்டியின் எடைக்கு அது தாங்காது. சாலையை விட்டுச் சக்கரம் இறங்காமல் பார்த்துக்கொள்வதே டெல்டாவில் முதல் பாடம். ஜாக்கி வைப்பதற்கு ஒரு கனமான பலகைத் துண்டை எடுத்துச் செல்லுங்கள். சாலையோரத்து மண்ணில் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது.

சாலையிலும் ஒரு கவனம் வேண்டும். நெல்லையும் உளுந்தையும் வைக்கோலையும் தார்ச்சாலையில் காயப்போடுவது எங்கள் வழக்கம். அது சரியா தவறா என்று இங்கே வாதிட நான் வரவில்லை. நீங்கள் மெதுவாகக் கடந்துவிடலாம். ஆனால் வைக்கோலின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். ஓடிவந்த வண்டியின் சைலன்சர் சூட்டுக்குக் காய்ந்த வைக்கோல் எளிதில் பற்றிக்கொள்ளும். நீண்ட வைக்கோல், வண்டிக்கு அடியில் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டில் சுற்றிக்கொள்ளவும் செய்யும். வைக்கோல் ஏற்றிய லாரிகள் இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டு வரும். அவற்றுக்கு வழிவிட வேண்டுமானால், கரை விளிம்பில் ஒதுங்காமல், அகலமான இடம் வரும்வரை பின்னால் நின்று போவதே மேல்.

எங்கே தங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் அரிசி ஆலையின் முற்றத்தைத்தான் முதலில் சொல்வேன். சிமெண்ட் தளம், சுற்றுச்சுவர், விளக்கு, தண்ணீர், காவலாளி, பெரும்பாலும் ஒரு கழிப்பறை ஆகிய எல்லாம் அங்கே இருக்கும். தெரிந்தவர் மூலம் முன்கூட்டியே பேசிவிட்டால், குடும்பத்தோடு வருகிறவர்களை யாரும் மறுப்பதில்லை. அடுத்தது, முகூர்த்தம் இல்லாத நாளில் கிராமத்துக் கல்யாண மண்டபத்தின் வளாகம். சிறிது பணம் கொடுத்தால் குளியலறையையும் திறந்துவிடுவார்கள். கோயில் திடலானால் அர்ச்சகரிடமோ நாட்டாமைக்காரரிடமோ கேட்காமல் நிறுத்த வேண்டாம். ஊர்க் களத்தை இந்த மாதத்தில் கேட்கவே கேட்காதீர்கள். அங்கே நெல் கிடக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் பக்கமும் வேண்டாம். விடிய விடிய லாரியும் சாக்கு மூட்டையும் சத்தமுமாக இருக்கும்.

எங்கே தங்குவதாக இருந்தாலும் மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேருங்கள். வெளிச்சத்தில் முகம் பார்த்துப் பேசிவிட்டால், அந்த ஊரே உங்களுக்குக் காவலாக இருக்கும். வைக்கோல் போரின் அருகிலும் வரப்பை ஒட்டியும் நிறுத்த வேண்டாம். அறுவடைக்குப் பிறகு எலி பெருகும். எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். இரவில் இறங்கினால் செருப்பு போதாது, மூடிய காலணியும் டார்ச்சும் வேண்டும். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். ஆறு வற்றினாலும் மதகுப் பள்ளத்தில் நிற்கும் தண்ணீரில் ஆடுமாடுகள் வாய்வைக்கும். ஒரு வாளியில் பிடித்து, தென்னை மரத்தடியில் ஊற்றினால் மரத்துக்கும் நல்லது.

வடவாற்றங்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. உளுந்தைப் பற்றி, தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே யாராவது சொல்ல வேண்டியிருந்தது. நேற்று டயர்களைப் பார்த்தேன். ஸ்டெப்னியில் 1114 என்றிருக்கிறது. ஐந்தையும் மாற்றச் சொல்லிவிட்டேன். நீடாமங்கலத்து அம்மா, திருவையாற்றுக்கு அருகில் என் மைத்துனருக்குத் தெரிந்த அரிசி ஆலை ஒன்று உள்ளது, கேட்டிருக்கிறோம். இனி மின்சாரம், சமையல், உறக்கம் இவற்றைப் பற்றி யாராவது வழிகாட்டினால் நன்று. வண்டியில் கூடுதலாக ஒரு 100 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் வகை. கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள்.

பதில்: அரசலாறு (காரைக்கால்)

அந்தப் பேட்டரியைக் கட்டிலுக்குக் கீழிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். நீங்கள் உறங்கும் இடத்துக்கு அடியில், மூடிய பெட்டிக்குள் அது சேர்வது ஆபத்தானது. வெளிப்புறமாகக் காற்றோட்டமுள்ள பெட்டியில் வைக்க வேண்டும். முடியாவிட்டால், கொஞ்சம் செலவானாலும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிடலாம். அதற்குத் தனி சார்ஜர் தேவைப்படும் என்பதை நினைவில் வையுங்கள். எந்தப் பேட்டரியாக இருந்தாலும், அதன் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பழைய வேன்களில் தீ பிடிப்பதற்கு உரசித் தேய்ந்த ஒயரே பெரும்பாலும் காரணமாகிறது. முந்தைய உரிமையாளர் ஒயர்களைப் பலகைக்குப் பின்னால் எப்படி இழுத்திருக்கிறார் என்பதை ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.

மின்விசிறி தாங்குமா என்ற கேள்விக்குக் கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி என்றால் 1,200 வாட்-மணி. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் உள்ளது 600. 25 வாட் டிசி மின்விசிறிகள் இரண்டு பத்து மணி நேரம் ஓடினால் 500 ஆகிவிடும். 5 வாட் விளக்கை நான்கு மணி நேரம் எரித்தால் இன்னொரு 20. ஆகவே ஓர் இரவு தாங்கும், ஆனால் விளிம்பில்தான். அதுவும் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் மட்டுமே; பழையதாக இருந்தால் இந்தக் கணக்கில் பாதியை மட்டும் நம்புங்கள். கைபேசிகளைப் பகலில் வண்டி ஓடும்போதே ஏற்றிக்கொள்ளுங்கள். என்ஜின் பேட்டரியும் இதுவும் தனித்தனியாகப் பிரியும்படி ஐசொலேட்டர் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் காலையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும், செல்ஃப் எடுக்காது. இன்டக்‌ஷன் அடுப்பு என்ற எண்ணமே வேண்டாம்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். நிமிர்ந்த நிலையில் பெல்ட் போட்டுக் கட்டி வையுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் இருக்கும் அறையின் அடித்தட்டில் வெளியே போகும் துளை இருக்க வேண்டும். மேலே ஜன்னல் திறந்திருப்பதால் பயனில்லை. இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். என் கருத்தில், முதல் பயணத்தில் அடுப்பை வண்டிக்கு வெளியே காற்று மறைவாக வைத்துச் சமைப்பதே உசிதம். நியாயமாகப் பார்த்தால் டெல்டாவில் காலை இட்லிக்கும் மாலைக் காப்பிக்கும் அடுப்பு மூட்டத் தேவையே இல்லை. இரவுக் கஞ்சிக்கும் பாட்டியம்மாவின் வெந்நீருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

உறங்கும்போது என்ஜினை ஓடவிட்டு ஏசி போட வேண்டாம், ஜெனரேட்டரும் வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்ததற்கு, ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கண்டறியப்பட்டது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி பேட்டரியில் இயங்குவது கிடைக்கிறது. தலைமாட்டருகே ஒன்றை மாட்டுங்கள். கொசுவர்த்திச் சுருளை உள்ளே ஏற்றுவதும் கூடாது. ஜன்னல்களுக்கு வெல்க்ரோ ஒட்டிய கொசுவலையைத் தைத்துவிட்டால், எதிரெதிராக இரண்டைத் திறந்து வைத்து உறங்கலாம். மாசிப் பனிக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்தால், நான்கு பேரின் மூச்சு கூரைத் தகட்டில் நீராகப் படிந்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

கடலோரம் போவதாக இருந்தால், திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். உப்புக்காற்று பழைய தகட்டை மன்னிப்பதில்லை.

பதில்: காவிரிக் கடைமடை (மயிலாடுதுறை)

மேலே எல்லாரும் சொன்னவை சரியானவையே. ஆனால் ஒருவரும் மூன்று இரவுகள் என்பதைக் கேள்வி கேட்கவில்லை. நான் கேட்கிறேன். முதல் பயணத்துக்கு அது அதிகம். தூரம் ஒரு பொருட்டல்ல. கல்லணையிலிருந்து கோடியக்கரை வரையிலும் சமதளந்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் இடம் மாறினால், ஒவ்வொரு மாலையும் புதிய ஊரில் இடம் தேடி, அனுமதி கேட்டு, படுக்கை விரித்து, காலையில் எல்லாவற்றையும் கட்டி ஏற்ற வேண்டும். மூன்றாம் நாள் மாலைக்குள் வீட்டார் வண்டியை விற்றுவிடச் சொல்வார்கள்.

இரண்டு இரவுகள் போதும். முதல் இரவு திருவையாற்று ஆலை. வீடு பதின்மூன்று கிலோமீட்டர்தான், எது மறந்தாலும் எடுத்துவரலாம். மறுநாள் சுவாமிமலை, தாராசுரம் பார்த்துவிட்டு மெதுவாக மயிலாடுதுறைப் பக்கம் வாருங்கள். கும்பகோணத்து வீதிகளுக்குள் வேனை நுழைக்காமல், ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆட்டோவில் போங்கள். மாசி மகம் எந்தத் தேதியில் வருகிறது என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் அந்த ஊரைத் தவிர்க்கவும். இரண்டாம் இரவு தரங்கம்பாடியிலோ பூம்புகாரிலோ, ஏதாவது ஒரு விடுதியில் பேசி, அதன் வளாகத்துக்குள் வேனை நிறுத்துங்கள். தாயாருக்கு மட்டும் ஓர் அறை எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் குளியலறை கிடைத்துவிடும். தரங்கம்பாடியானால், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைக் குழந்தை காலையில் சுற்றிப் பார்க்கட்டும்.

கோடியக்கரையை இந்த முறை விட்டுவிடுங்கள். அது வனவிலங்கு சரணாலயம். வனத்துறையின் அனுமதியின்றி இரவில் எங்கும் நிறுத்திவிட முடியாது. வெளிமான்களைப் பார்க்க வேண்டுமென்றால் வேதாரண்யத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் போவதே முறை. அதற்கு வேன் தேவையில்லை, பேருந்தே போதும்.

வடவாற்றங்கரை

வீட்டில் எல்லாருக்கும் இதைப் படித்துக் காட்டினேன். மூன்று இரவுகள் வேண்டாம் என்ற யோசனைக்கு என்னைத் தவிர அனைவரும் உடனே ஆதரவு தெரிவித்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை கல்லணை, மாலை ஐந்துக்குள் திருவையாற்று ஆலை, வெள்ளி இரவு தரங்கம்பாடி, சனிக்கிழமை வீடு என்று மாற்றியிருக்கிறோம். மகளின் பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்புக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். வண்டி பட்டறையில் நிற்கிறது. டேங்கைக் கழுவியபோது அடியிலிருந்து வந்த கசடைப் பார்த்துவிட்டு, ஃபில்டர்கள் இரண்டு கூடுதலாக வாங்கிவிட்டேன். பேட்டரியைப் பின்கதவோரம் வெளிக்காற்று படும் பெட்டிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். ஆலையில் கழிப்பறை இருக்கிறது. ஆனால் முற்றத்தின் மறு கோடியில். தாயார் இரவில் இரண்டு முறையாவது எழுவார். வேனின் படியோ உயரமானது. இதற்கு என்ன செய்வது?

பதில்: வெண்ணாற்றுப் பாசனம் (நீடாமங்கலம்)

வேனை ஆலையின் நுழைவாயிலருகே நிறுத்தாமல், கழிப்பறைக்குப் பக்கத்திலேயே, கதவு அந்தத் திசையைப் பார்க்கும்படி நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். சிமெண்ட் தளம் என்பதால் மண்ணைப் பற்றிய கவலையில்லை. படிக்கு, இரும்புக் கடையில் ஓர் அடி அகலமுள்ள கனமான முக்காலி ஒன்றை, எல்லாக் கால்களுக்கும் ரப்பர் போட்டு அடிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் முக்காலி வழுக்கும். கதவுக்கு உள்பக்கம் இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடியை, பலகையில் அல்லாமல் தகட்டுச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். தாயாரின் படுக்கை கதவை ஒட்டிய கீழ் இருக்கையாக இருக்கட்டும். நிலையான கட்டில் உங்களுக்கு.

இவ்வளவுக்குப் பிறகும் எழுந்து இறங்க முடியாத இரவுக்காக, மருந்துக் கடையில் விற்கும் மூடியுள்ள கமோடு நாற்காலி ஒன்றை மடித்து எடுத்துச் செல்லுங்கள். ஒரு போர்வையைத் திரையாகக் கட்ட இரண்டு கொக்கிகள் போதும். காலையில் அதை ஆலையின் கழிப்பறையில் கொட்டிக் கழுவிவிடலாம். எங்கள் மாமியாரைப் பழனிக்கு வேனில் அழைத்துச் சென்றபோது இப்படித்தான் செய்தோம். அவர் கடைசிவரை அதைப் பயன்படுத்தவில்லை, ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் நன்றாகத் தூங்கினார்.